பிரியந்தி அப்பாவின் தாடி கறுத்த விவரம்

கந்தன் துணை

லிந்துலை,
திங்கட்கிழமை, மத்தியானம்.

மதிப்புக்குரிய அண்ணன் யோகேஸ்வரன் அவர்களுக்கு,

தங்கை நாகலெட்சுமி கைகூப்பி எழுதிக்கொள்வது. கதிர்காமக் கந்தன் கிருபையால் இங்கே நாங்கள் நாலு பேரும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறோம். உடப்புசல்லாவையில் நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டுமென்று காலையில் விளக்கேற்றும்போது, உங்கள் மேல் கோபம் இருந்தும், வேண்டிக்கொண்டேன். அண்ணியின் முழங்காலுக்காகத் தனியாக ஒரு தரம் வேண்டிக்கொண்டேன். அவர்கள் மேல் கோபம் இல்லை.

முதலில், நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்று எழுதிவிடுகிறேன். பிறகு யாருமே பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடாது. மாப்பிள்ளை திலக்ஷன். மாப்பிள்ளையின் அப்பா. மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மாவுடைய அக்கா ஒருவர், காது கொஞ்சம் மந்தம், கண் நல்ல கூர்மை. எங்கள் பக்கத்தில் பிரியந்தி, சின்னவள் ஜீவராணி, நான். பக்கத்து வீட்டு ராசம்மா, கூப்பிடாமல் வந்தது. வாசற்படியில் ராசம்மாவின் நாய். எல்லோருக்கும் நடுவில், நாற்காலியில், நிமிர்ந்து, கறுத்த தாடியோடு உங்கள் மச்சான், என் வீட்டுக்காரர். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதவர் ஒரே ஒருவர், பிரியந்தியின் தாய்மாமன். அது நீங்கள்.

சனிக்கிழமை காலை போன் எடுத்து, "தாடி என்னா நெறத்துக்கு வந்திருக்கு?" என்று கேட்டீர்கள். நான் பொய் சொல்கிறவள் இல்லை. "பச்சையா இருக்குண்ணே, ஆனா" என்றேன். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நீங்களோ, "பச்சத் தாடிக்காரனுக்குப் பக்கத்துல தாய்மாமன்னு நான் வந்து நிக்கமாட்டேன், நாளைக்கும் வரல, பரிசம் போட்டாலும் வரல, போ" என்று வெட்டிவிட்டீர்கள். பிறகு ஏழு தரம் எடுத்தேன். ஏழு தரமும் எடுத்த நேரம் என் கணக்குக் கொப்பியில் எழுதியிருக்கிறது. போனை வெட்டலாம், கடிதத்தை வெட்ட முடியாது, கிழித்தால் அண்ணி ஒட்டிப் படித்துவிடுவார்கள் என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இதெல்லாம் ஆரம்பித்தது உங்களால்தான். பிரியந்திக்கு ஆசிரியை நியமனக் கடிதம் வந்த அன்றைக்கு எங்கள் வாசலில் நாம் எல்லோருமாக எடுத்த போட்டோவை நீங்கள்தான் உங்கள் பக்கத்து வீட்டு மீனம்மாவிடம் கொடுத்தீர்கள், மீனம்மாதான் அதை ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற தன் தங்கச்சி மூலமாக மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனது. மாப்பிள்ளை வீட்டில் பிள்ளையைப் பிடித்துவிட்டது, ஆனால் பெண்ணுடைய அப்பாவுக்கு வயது மிகவும் ஆகிவிட்டது போலத் தெரிகிறது, இன்னொரு பெண் பிள்ளையும் படித்துக்கொண்டிருக்கிறது, நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் எல்லாப் பொறுப்பும் நம்ம பையன் தலையில் விழுமே என்று யோசிக்கிறார்கள், ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார்கள் என்று மீனம்மா உங்களிடம் வந்து சொன்னதாக நீங்கள் எங்களுக்குச் சொன்னீர்கள். சொன்னதோடு நிற்காமல், "எல்லாம் அந்த வெள்ளத் தாடியாலதான். மச்சான மொதல்ல வழிக்கச் சொல்லு" என்று ஒரு தீர்ப்பும் சொன்னீர்கள். அப்போது போன் ஒலிபெருக்கியில் இருந்தது. உங்கள் மச்சான் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டது.

மனுசனுக்கு ஐம்பத்து மூன்று வயதுதான் அண்ணா. தாடி அவர் ஆசைக்கு வளர்த்தது இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். பிள்ளை படித்து முடித்து நியமனம் இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தில், அவளுக்கு வேலை கிடைத்து அடுத்து வருகிற ஆடியில் கதிர்காமத்தில் வந்து முடியிறக்குகிறேன், அதுவரை முகத்தில் கத்தி படாது என்று கந்தனிடம் சொன்ன சொல் அது. மூன்று வருடமாக, சீப்பில் வருகிற முடியைக்கூட நான் எறிவதில்லை, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். கந்தனுக்குச் சேர வேண்டிய முடி குறையக்கூடாது இல்லையா. இதுவரை நூற்றுப் பன்னிரண்டு. ஆடி வர இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. இடையில் வந்து ஒரு சம்பந்தத்துக்காக வழி என்றால் எப்படி வழிப்பது?

அவர் பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அவங்க வர்ற அன்னைக்கு நான் மலைக்காட்டுப் பக்கம் போயிர்றேன் புள்ள. அப்பாவுக்கு வேலைன்னு சொல்லிரு. மூஞ்சிய நல்லா வச்சிருக்கிற ஆளு யாராச்சும் உக்காந்து பேசட்டும்" என்றார். உடனே பிரியந்தி, "அப்பா இல்லாத வீட்டுக்கு யாரு வந்தாலும் நான் தேத்தண்ணி கொண்டுவர மாட்டேன். அப்பாவப் பாத்து வேணாங்கிற வீடு எனக்கும் வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அந்தப் பையன் திலக்ஷனை அவளுக்குப் பிடித்திருந்தது அண்ணா. எனக்குத் தெரியும், அவர்கள் அனுப்பிய பையன் போட்டோவை மூன்று நாளாகப் பாடக்குறிப்புக் கொப்பிக்குள்ளே வைத்துத் திரிந்தாள். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மகள், நடுவில் ஒரு தாடி. அன்றைக்குத்தான் நான் முடிவெடுத்தேன். தாடியும் இருக்க வேண்டும், சம்பந்தமும் நடக்க வேண்டும், கந்தனும் கோபிக்கக்கூடாது.

வழிக்காவிட்டால் இது இல்லாமல் கறுக்காது என்று சொல்லி நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கறுப்பு டை பக்கற்றை நான் திறக்கவே இல்லை. சாமிக்குப் போகிற முடியில் கண்டதையும் பூசலாமா என்று கோயில் பூசாரியிடம் கேட்டேன். அவர் நிறைய நேரம் யோசித்து, "எலயும் பூவும் காயும் எது பூசினாலும் சாமிக்கு ஆகும்மா. டப்பாவுல என்னா வருதுன்னு எனக்குத் தெரியாது, சாமிக்கும் தெரியாது" என்றார். அவ்வளவு போதும். மறுநாளே தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன். ஹுசைன் நானாவின் மருந்துச் சாமான் கடை உங்களுக்குத் தெரியுமே, அவர் தாடி எப்போதும் நல்ல செம்பட்டையாக இருக்கும், முப்பது வருடமாக மருதாணிதான். விசயத்தைச் சொன்னேன். "மருதாணி மட்டும் போட்டா வெள்ள முடி என்னோடத மாதிரி செவக்கும் தங்கச்சி. கறுப்பு வேணும்னா மொதல்ல மருதாணி, அத கழுவி, பொறகு அவுரித் தூளு. ரெண்டும் எலதான், செடியில இருந்து வந்ததுதான். அவசரப்படாதீங்க" என்றார். மருதாணிக்கு என்ன செய்வது, அவுரிக்கு என்ன செய்வது என்று ஒரு பேப்பரிலும் எழுதித் தந்தார். பேப்பரைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். பேப்பரில் எழுதியபடி செய்தோமா என்றால், அங்கேதான் உங்கள் மச்சான் குறுக்கே வந்தார்.

இருபத்தாறு வருடம் தேயிலை பெக்டரியில் கொழுந்து புளிக்கப் போடுகிற இடத்தில் நிற்கிற மனுசன். கொழுந்து எந்த நிமிடத்தில் பதத்துக்கு வருகிறது என்று மூக்கால் சொல்லுகிறவர். மருதாணித் தூளைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இதுவும் எலதானே. எனக்கு எலயப் பத்தி ஒரு கடக்கார நானா எழுதித் தரணுமா?" என்றார். பேப்பரில், தேத்தண்ணி வடித்து ஆறவைத்து, இளஞ்சூட்டில் குழைக்கவும் என்று இருந்தது. இவர் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியை எடுத்து, ஆறு கரண்டித் தூளின் மேல் கடகடவென்று ஊற்றிவிட்டார். "சூடு இல்லாம எந்த எலதான் நெறத்த விடும்?" என்று என்னையே கேட்டார். எங்கள் நாலு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது. இந்த மலையில் இலை என்றால் கொதி தண்ணி ஊற்ற வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? அன்று சாயங்காலம் பூசி, மூன்று மணி நேரம் அப்பளம் போலக் காய்ந்து உட்கார்ந்திருந்தார், சிரிக்கக்கூடாது என்பதால் ஜீவராணி அவருக்கு முன்னால் போகக்கூடாது என்று நான் உத்தரவு போட்டேன். கழுவினால், அண்ணா, தாடியில் போட்டதற்கும் போடாததற்கும் ஒரு வித்தியாசம் இல்லை. பனியன் மட்டும் நன்றாகச் சிவந்துவிட்டது. "பனியனுக்கு இருபது வயசு கொறஞ்சிருச்சும்மா" என்றாள் ஜீவராணி. கொதி சூட்டில் மருதாணி செத்துப்போகும் என்று பேப்பரின் பின்பக்கம் எழுதியிருந்தது. பின்பக்கத்தை யாரும் திருப்பவில்லை. கொப்பியில், "திங்கள், தூள் ஆறு கரண்டி, நட்டம். காரணம், அனுபவம்" என்று எழுதிவைத்தேன்.

புதன்கிழமை நான் ஆளை வெளியே வைத்துவிட்டு நானே குழைத்தேன். தேத்தண்ணியை விரல் தாங்குகிற சூட்டுக்கு ஆறவைத்து, எலுமிச்சம்பழம் அரைமூடி பிழிந்து, எங்கள் குளிருக்கு அது ஊறாது என்பதால் சட்டியை அடுப்புத் திட்டுக்குப் பக்கத்தில் துணி மூடிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்தேன். கந்தசஷ்டிப் பாட்டு இரண்டு தரம் பாடிக்கொண்டே பூசினேன். பூசி முடிந்ததும் வாழையிலையைச் சுற்றிக் கட்டினோம், தீபாவளிப் பொதி மாதிரி இருந்தார். மூன்றரை மணி நேரம். கழுவினால், அம்மாடி! வெள்ளை இருந்த இடத்தில் எல்லாம் நெருப்பு பிடித்திருக்கிறது. ஹுசைன் நானாவின் செம்பட்டை இல்லை, அது முப்பது வருடச் செம்பட்டை. இது நேற்றுப் பறித்த கேரட்.

எனக்குத் தெரியும் இது பாதி வழி என்று, இன்னும் அவுரி இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை வேலைக்குப் போக வேண்டுமே, வெள்ளிக்கிழமை விரதத்தில் நான் தாடி வேலை செய்யமாட்டேன். மப்ளரைச் சுற்றிக்கொண்டு போனார். பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் பெக்டரிக்குப் போக வேண்டும், அங்கே காலையில் பேர் கொடுக்க நிற்கிற பெண்கள் நாற்பது பேர். காற்று வந்து மப்ளரை இழுத்துவிட்டது. ராசம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் ஒருத்தி, "என்னாண்ணே, நுவரெலியா கேரட்ட மூஞ்சில நட்டிருக்கீங்க? எப்ப புடுங்குவீங்க?" என்றாளாம். இன்னொருத்தி, "சும்மா இருடி, பொண்ணு பாக்க வர்றாங்களாம், அண்ணன் தனக்குன்னு நெனச்சுட்டாரு" என்றாளாம். தோட்டத்து வேலையைப் பார்க்கிற கண்டாக்கு ஐயா பேர் பதிகிற ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சிவசாமி, நீ ரோட்டுப் பக்கம் போகாத, பஸ்ஸு எல்லாம் நின்னுரும்" என்றாராம். பெக்டரிக்குள்ளே போனால் சிங்கள ஐயா ஒருவர், "மொகத மே?", என்னா இது என்று அவர் பாஷையில் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினாராம். இருபத்தாறு வருடம் தலை நிமிர்ந்து போன வழியில் அந்த மனுசன் அன்றைக்குக் குனிந்து வந்தார் அண்ணா. வந்து சட்டையைக் கழற்றும்போது, "யோகேஸ் மச்சான் சொன்னது சரிதான் போல. நான் மலைக்காட்டுக்கே போயிர்றேன்" என்றார். அப்போது எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தை எழுத இந்தக் கடிதத்தில் இடம் வைக்கவில்லை.

சனிக்கிழமை அவர் லீவு போட்டார். காலை எட்டு மணிக்கு அவுரி. இந்தத் தடவை பேப்பரின் இரண்டு பக்கத்தையும் படித்தேன், பிரியந்தியையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவுரியை ஊறவைக்கக்கூடாது, வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குழைத்து, கால் மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். அப்படியே பூசினோம். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கழுவினோம். தாடி பச்சை. நான் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை, நல்ல இலைப் பச்சை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்துக் கூடையில் போடலாம். ராசம்மா எட்டிப் பார்த்து, "அய்யோ நாகு, இது என்னா பாசி புடிச்சிருச்சு!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டது. ஜீவராணி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் கொல்லைப்புறம் ஓடினாள். மறுநாள் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நான் சுவாமி படத்துக்கு முன்னால் போய், "கந்தா, உன் முடி, நீயே பார்த்துக்கொள்" என்று நின்றுவிட்டேன். அந்த நேரத்தில்தான் நீங்கள் போன் எடுத்தது.

நீங்கள் வெட்டிய பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதம். பிரியந்தி அவருக்குக் கண்ணாடியைக் காட்டக்கூடாது என்று ஒளித்தாள். அவர் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தாடியில் ஒரு கொத்தைப் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தார். முகம் மாறிவிட்டது. இரண்டு நாளாகக் குனிந்து கிடந்த முதுகு நிமிர்ந்துவிட்டது. "யாரும் அழாதீங்க. இது கெட்டுப் போகல. இது இன்னும் புளிக்கல" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. "நசுக்கின கொழுந்து பச்சையாத்தானே மேசைக்கு வருது? காத்து பட்டாத்தான் செவந்து கறுக்கும். இதுவும் எலதானே புள்ள, காத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. தாடியக் குமிச்சுப் போடாத, மெல்லிசாப் பரத்து!" அவ்வளவுதான், எங்கள் வீடு பெக்டரி ஆகிவிட்டது. தாடியை நான் அகலப்பல் சீப்பால் விசிறி மாதிரி விரித்தேன். ஜன்னல் இரண்டையும் திறந்தோம். கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தோம், குளிர் எலும்பைத் தொடுகிறது, அவர் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு தாடியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ராஜா போல இருந்தார். அரை மணிக்கு ஒரு தரம் ஈரத் துணியால் ஒற்றச் சொன்னார், அரை மணிக்கு ஒரு தரம் அடியில் இருக்கிற முடியை மேலே புரட்டச் சொன்னார். நான் நேரத்தையும் நிறத்தையும் கொப்பியில் எழுதினேன். பதினொன்றரை, பச்சை. ஒரு மணி, பழுத்த பச்சை. மூன்று மணி, காப்பித் தூள். ஐந்து மணிக்கு விளக்கேற்ற எழுந்தபோது பார்த்தேன், அடியில் கருமை இறங்கிவிட்டது. "இப்ப போதும், மூடு. கூடப் போனா காந்தல் அடிக்கும்" என்று அவரே கதவைச் சாத்தினார். கொதி தண்ணி ஊற்றிக் கெடுத்ததும் அதே பெக்டரி மூளைதான், பச்சையில் நின்ற தாடியைக் காப்பாற்றியதும் அதே மூளைதான். நீங்கள் போனை வெட்டாமல் இன்னும் இரண்டு நிமிடம் இருந்திருந்தால் உங்கள் காதாலேயே கேட்டிருப்பீர்கள்.

ஞாயிறு காலை அவர் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி வெளியே வந்தார். தாடி நல்ல கருங்காலி நிறம், வெயில் பட்ட இடத்தில் லேசாகச் சிவப்பு ஓடுகிறது. கல்யாணத்தின்போதுகூட அந்த மனுசன் இப்படி இருக்கவில்லை அண்ணா, நீங்களே அப்போது, "இந்த ஒல்லிப் பயலுக்கா என் தங்கச்சி?" என்று கேட்டவர்தானே. ராசம்மா தன்னாலேயே, "நாகு, ஒன் வீட்டுக்காரருக்கே இன்னொரு பொண்ணு குடுப்பாங்க போல" என்றது. திட்டினேன், ஆனால் உள்ளுக்குள் இனித்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் இவரையே பார்க்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்க்கிறார், அவர் திரும்பி இவரைப் பார்க்கிறார். கடைசியில் அந்த அம்மா, "போட்டோவுல பாத்த பெரியவரக் காணமே?" என்று கேட்டார். எனக்கும் பிரியந்திக்கும் அப்போது நெஞ்சு குளிர்ந்ததை எப்படி எழுதுவேன்! அடையாளமே தெரியவில்லை! இவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அவரு எங்கயும் போகலீங்க, இங்கதான் இருக்காரு" என்று சிரித்தார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர்களும் கொஞ்சம் நேரம் கழித்துச் சிரித்தார்கள். அந்தக் காது மந்தமான அக்கா மட்டும் கடைசி வரை இவர் தாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் நாங்கள் நினைத்தபடி. வயது என்ற பேச்சே வரவில்லை. இவர் பெக்டரிக் கதை சொன்னார், மாப்பிள்ளையின் அப்பாவும் ஒரு காலத்தில் பெக்டரியில் நின்றவராம், இரண்டு பேரும் இந்த வருடக் கொழுந்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். திலக்ஷன் நல்ல பிள்ளை, கப்பைத் தானே எடுத்துப்போய் அடுப்படியில் வைத்தார். பிரியந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள், அப்பா இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்தாள். போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, "எங்களுக்குச் சம்மதம். வர்ற பத்தாந்தேதி ஞாயித்துக்கெழம நல்ல நாளு, பரிசம் போட்டுரலாம். பொண்ணோட தாய்மாமாவும் வந்து நிக்கணும்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வரமாட்டேன் என்றதைச் சொல்லவில்லை. அது பொய் ஆகாது, யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆகவே அண்ணா, தாடியை வழித்தால்தான் சம்பந்தம் என்று நீங்கள் சொன்னது தப்பு. டை பக்கற் இல்லாமல் கறுக்காது என்று சொன்னது தப்பு. பச்சை என்றதும் எல்லாம் போயிற்று என்று நினைத்தது பெரிய தப்பு. இந்த மூன்றையும் நீங்கள் பத்தாம் தேதி உங்கள் மச்சானுக்கு முன்னால் உங்கள் வாயால் சொன்னால் போதும், நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. தாய்மாமன் சீர்த் தட்டோடு முன்னால் நிற்கிற இடம் வேறு யாருக்கும் உரியது இல்லை. அந்த இடத்தை வெறுமையாக வைத்துவிட்டு என் பிள்ளைக்குப் பரிசம் போட எனக்கு மனசு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொல்லுங்கள். மீனம்மாவுக்கும் நடந்ததைச் சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். கந்தன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், போனை வெட்டாத பொறுமையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
நாகலெட்சுமி சிவசாமி

பின்குறிப்பு: அண்ணா, கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஒட்டப்போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா போன் எடுத்தார். ஒட்டாமல் இதையும் எழுதுகிறேன். மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், ஆறு பக்கம், மனசு வரவில்லை.

அந்த அம்மா, "சம்பந்தி, ஒன்னு கேக்கணும், தப்பா நெனக்காதீங்க. போட்டோவுல நாற்காலியில ஒக்காந்திருந்தாரே, தலையெல்லாம் பஞ்சு மாதிரி, கன்னமெல்லாம் ஒட்டிப்போய், பொண்ணு தலையில கைய வச்சுக்கிட்டு, அந்தப் பெரியவரு யாரு? நேத்து அவரு உள்ள இருக்காருன்னீங்க, கடைசி வரைக்கும் காட்டலியே. படுத்த படுக்கையா இருக்காரா?" என்று கேட்டார்.

அது நீங்கள், அண்ணா.

"அது என் அண்ணன், பொண்ணோட தாய்மாமா" என்றேன். "அட, நாங்க அவரத்தான் பொண்ணோட அப்பான்னு நெனச்சு, இவ்வளவு வயசாளியா இருக்காரேன்னு பயந்து போயிட்டோம். மீனம்மாகிட்டயும் அதத்தான் சொன்னோம். ஒங்க வீட்டுக்காரரப் பாத்ததும்தான் மனசு ஆறுச்சு" என்றார். அப்போ பின்னால் வெள்ளைத் தாடியோடு நின்றவரை யார் என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். "அவர ஒங்க கோயில் சாமியாருன்னு நெனச்சோம். மூஞ்சில என்னா ஒரு களை! எங்க அக்கா அவருகிட்ட திருநீறு வாங்கணும்னுதான் அன்னைக்கு வந்துச்சு. பரிசத்தன்னைக்கு அவரையும் கட்டாயம் வரச் சொல்லுங்க, அந்தத் தாடி வெள்ளையப் பாத்தாலே கும்புடத் தோணுது" என்றார்.

இதை நான் இன்னும் உங்கள் மச்சானிடம் சொல்லவில்லை. பெக்டரியிலிருந்து இப்போதுதான் வந்தார். பெரட்டுக் களத்துப் பெண்கள் எல்லோரும் கேலியை விட்டுவிட்டு மருந்தின் பேரைக் கேட்டார்களாம், கண்ணாடிக்கு முன்னால் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார். ஒரு நாளைக்காவது பாடட்டும்.

உங்களுக்கு ஐம்பத்தேழு வயதுதான் என்று நான் அவர்களிடம் சொன்னேன். அந்த அம்மா நம்பினது போலத் தெரியவில்லை. மிச்சமிருக்கிற மருதாணி ஒரு பொதி, அவுரி ஒரு பொதி, ஹுசைன் நானாவின் பேப்பர், மூன்றையும் நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். தேத்தண்ணியை ஆறவைத்துக் குழையுங்கள், பேப்பரின் பின்பக்கத்தைப் படியுங்கள். தலை பச்சையானால் பயப்பட வேண்டாம், எனக்குப் போன் எடுங்கள், நான் வெட்டமாட்டேன். பத்தாம் தேதி வருகிறீர்களா இல்லையா என்று சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.